பதினாலாம் நம்பர் வீட்டு லைன்

திரையில் கிரேன் நின்றது. கிரேனோடு கடலும் நின்றது, கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்த வெள்ளைப் பறவையும் இறக்கையை விரித்தபடி அந்தரத்தில் நின்றது. நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுத்து, நல்லாச் சுத்து. உனக்கென்ன, வேலையா வெட்டியா?" என்று தாரணி அந்த வட்டத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

அவளுக்கு வேலை இருந்தது. மாதக் கடைசி வெள்ளிக்கிழமை வரைக்கும் நிச்சயமாக இருந்தது. ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கப்பலிலிருந்து சரக்குப் பெட்டிகளைத் தூக்கி இறக்கும் கிரேன்களை இப்போதெல்லாம் அந்த ஊர்க்காரர்கள் ஓட்டுவதில்லை. திண்டுக்கல்லிலும் தேனியிலும் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, இரண்டு கைப்பிடியும் ஒரு திரையும் வைத்துக்கொண்டு நம் ஆட்கள்தான் ஓட்டுகிறார்கள். தாரணி அதில் கெட்டிக்காரி. பயிற்சியில் அவள் இறக்கிய பெட்டி ஒன்றுகூட இடித்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசிப் பரீட்சை. தேறினால் வேலை நிரந்தரம். நடுவில் லைன் இழுத்தால் கெட்டிக்காரத்தனத்தையெல்லாம் மடித்து உள்ளே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அவள் கணவன் பாலகுரு வேலை பார்த்த மில்லை மூடியதிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரிவதே இந்தக் கைப்பிடிகளை நம்பித்தான்.

கம்பெனிக்குப் போன் செய்தால் ஒரு தேன்குரல் எடுத்தது. "வணக்கம். தாங்கள் மனிதர்தான் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்" என்றது.

"மனுசிதான்."

"அதைத் தங்கள் அண்டை வீட்டார் உறுதிசெய்ய வேண்டும். தங்கள் வீடு தற்போது ஐயத்துக்குரிய வீடு என்னும் வகையில் உள்ளது."

"நீ மனுசியாடி முதல்ல?" என்று தாரணி கத்தினாள்.

"தங்கள் பொறுமைக்கு நன்றி" என்றது குரல். அவளுக்குப் போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறிந்தால் வேறு போன் வாங்க வேண்டும் என்பதால் மேசையில் வைத்தாள்.

நாலைந்து தடவை இப்படிக் கத்திய பிறகு கம்பெனியிலிருந்து ஜெபராஜ் என்கிற ஆள் வந்தான். தோளில் பை, நெற்றியில் வியர்வை, முகத்தில் ஏற்கெனவே பத்து வீட்டில் திட்டு வாங்கிய களை. கூடத்து நடுச்சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து பார்த்தான். அதில் இரண்டு விளக்குகள். இந்தப் பக்கத்து ஆட்கள் பேசினால் ஒன்று எரியும், சுவருக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் பதில் பேசினால் மற்றது எரியும். இரண்டும் அணைந்து கிடந்தன.

"பெட்டியில கோளாறு இல்ல மேடம். கோளாறு வீட்டுலதான்" என்றான் அவன்.

"என்ன கோளாறைக் கண்டீங்க?"

"அந்தப் போலிக் கூத்து நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? அம்மா குரல்ல போன் வரும், எடுத்தா அம்மா இல்ல. ஒரே ஒரு ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஆயிரக்கணக்குல ஆளுங்கள உண்டாக்கி விட்டானுங்க. முகம், குரல், கைரேகை, எதையும் நம்ப முடியாமப் போச்சு. கடைசியில மிஞ்சினது ஒண்ணுதான். பக்கத்து வீடு. பக்கத்து வீட்டுக்காரங்க உங்களோட பேசிப் பழகுறாங்களா, அப்ப நீங்க நெசமான ஆளு, வேகமான லைன். ஒருத்தரும் பேசலையா, அப்ப சந்தேகம். சந்தேகம்னா லைன் ஊர்ந்துதான் வரும். இதுக்குப் பேருதான் அண்டை வலை."

"அப்ப தெருவோட ஒட்டாம இருக்கிறவங்க? ஊரே ஒதுக்கி வச்ச வீடு? சாதி பாத்துப் பேசாம இருக்கானுங்களே, அந்த மாதிரித் தெருவுல குடியிருக்கிறவங்க? அவங்கல்லாம் மனுசங்க இல்லையா?"

"நான் வயரு மாட்ட வந்தவன் மேடம். அதெல்லாம் மேல உள்ளவங்க யோசிக்க வேண்டியது" என்றான் ஜெபராஜ். மேலே உள்ளவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

தாரணியின் வீட்டுக்கு ஒரு பக்கம் பூட்டிக் கிடக்கிற தோல் கிடங்கு. அது பேசாது. இன்னொரு பக்கம் அதே வீட்டின் மறுபாதி. மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் வாய்ப்பேச்சிலேயே பாகம் பிரித்துக் கூடத்தின் குறுக்கே சுவர் எழுப்பிக்கொண்டார்கள். பத்திரம் மாற்றவில்லை. கதவு எண், கரண்டு, தண்ணீர் வரி எல்லாம் இன்னும் செத்துப்போன மாமனார் பேரில்தான் இருக்கின்றன. கதவு எண் ஒன்று என்பதால் லைனும் ஒன்று, பெட்டியும் ஒன்று. அடுப்பு இரண்டு என்பதால் கம்பெனிக் கணக்கில் குடும்பம் இரண்டு. ஆக இவளுக்கு அவர்கள் சாட்சி, அவர்களுக்கு இவள் சாட்சி. சுவர்கூட ஒழுங்காக முடியவில்லை. மேலே ஒரு முழம் விட்டுப்போயிருந்தது. அண்ணன் பூசட்டும் என்று தம்பியும் தம்பி பூசட்டும் என்று அண்ணனும் விட்டது விட்டபடி கிடந்தது. அண்ணன் தனசேகர் லோடு லாரியோடு மாதத்தில் பாதி நாள் வெளியூரில். அவர் மனைவி சுகன்யாதான் அந்தப் பக்கத்து ஆட்சி.

"நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றாள் தாரணி. பொய் சொல்லவில்லை அவள். சுவர் எழும்பிய நாளிலிருந்து இரண்டு ஓரகத்திகளும் முகம் பார்த்துப் பேசியதில்லையே தவிர, பேசாத நாளே கிடையாது. சுகன்யா குக்கரைப் பார்த்துச் சொல்லுவாள், "குக்கரே, மோட்டாரை எவளோ போட்டு விட்டுட்டுத் தூங்குறா, டேங்க் ரொம்பி வழியுது பாரு." இந்தப் பக்கம் தாரணி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுவாள், "கடிகாரமே, சுவிட்சு அந்தப் பக்கம் இருந்தா அவங்களே அமத்தித் தொலைக்கலாம்ல?" இப்படி ஜாடையிலேயே பால்காரன் வராதது, கேஸ் தீர்ந்தது, ஊரில் சாவு, கோயிலில் கொடியேற்றம் எல்லாச் சேதியும் சுவரைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தன.

ஜெபராஜ் கையிலிருந்த திரையைத் திருப்பிக் காட்டினான். அதில், 'எதிர்ப்பக்கம்: பெண் ஒருவர் சமையல் பாத்திரத்துடன் உரையாடுகிறார். இப்பக்கம்: பெண் ஒருவர் கடிகாரத்துடன் உரையாடுகிறார். மனிதத் தொடர்பு இல்லை' என்று எழுதியிருந்தது.

தாரணி தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மெஷினைச் செஞ்சவனுக்கு அண்ணன் தம்பியே கிடையாதா?"

ஜெபராஜ் பையை மூடிக்கொண்டே குரலைத் தாழ்த்தினான். "இன்னொண்ணு மேடம். சொல்லக் கூடாதுதான், ஆனா உங்க நல்லதுக்குச் சொல்றேன். விளக்கு வைக்கிற நேரத்துல அங்கிட்டு ஒரு போன் கால் வருதுல்ல? அது மனுசக் குரல் இல்ல. அதுவும் சேர்ந்துதான் உங்க வீட்டைக் கீழ இழுக்குது."

"அது அஸ்வின். அவங்க மகன். கனடாவுல இருக்கான்."

"மகன் பேர்லதான் வருது. பேசுறது மகன் இல்ல. வெளிநாட்டுல நிறையப் பேரு இப்படி ஏற்பாடு பண்ணி வச்சுட்டுப் போயிடுறாங்க. குரலு, முகம், பழைய பேச்சு எல்லாத்தையும் குடுத்துட்டா, அதுவே அம்மாவைத் தினம் கூப்பிட்டு விசாரிச்சுக்கும். ரீடிங்குல தெரிஞ்சுடும். வரட்டுங்களா?"

அவன் போய்விட்டான். தாரணி நின்ற இடத்திலேயே நின்றாள். அஸ்வினை இடுப்பில் தூக்கிவைத்துச் சோறூட்டியவள் அவள். சித்தி சித்தி என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த பிள்ளை. அந்தப் பிள்ளை தினமும் அம்மாவோடு பேசுகிறான் என்பதில் தாரணிக்கே ஒரு பெருமை இருந்தது. விளக்கு வைத்ததும் சுவருக்கு அங்கிட்டு சுகன்யாவின் குரல் குழையும், சிரிப்பாள், சித்தரத்தைக் கஷாயம் குடிடா என்பாள். ஒரு மணி நேரம் போகும். அதெல்லாம் ஒரு மெஷினோடா? இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அப்போதே முடிவுசெய்துகொண்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பாலகுருவிடம் கேட்டாள். "உங்க அண்ணன்கிட்ட நாலு வார்த்தை பேசுங்களேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் போதும்."

"அவன்கிட்ட நானா? லைனே இல்லாம இருந்துக்கலாம்" என்றான் அவன், ரசத்தைப் பிசைந்துகொண்டே. வேலை பார்ப்பது அவள், லைன் இல்லாமல் இருப்பது அவன். இந்த நியாயத்தைக் கேட்டதும் தாரணி அவனுக்கு ஊற்ற எடுத்த மோரை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிச் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அங்கே சுகன்யா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

சுகன்யாவின் கை நின்றது. நிமிரவில்லை. "குக்கரே, உன்னை யாரோ அக்கான்னு கூப்பிடுறாங்க. என்னான்னு கேளு" என்றாள்.

"குக்கரை விடுங்கக்கா. நேராப் பேசினாத்தான் லைன் வரும்." தாரணி ஜெபராஜ் சொன்னதைச் சொன்னாள். சொல்லக்கூடாததை விட்டுவிட்டு மீதியைச் சொன்னாள்.

"ஓ. லைனுக்காகப் பேச வந்திருக்க" என்றாள் சுகன்யா. வெங்காயத்தைச் சுளகில் போட்டாள். அடுத்ததை எடுத்து உரித்தாள். பிறகு, "அஸ்வின் மூஞ்சியும்தான் பாதியில கோணிக்கிட்டு நின்னுபோகுது. சரி, என்ன பேசணும், சொல்லு" என்றாள்.

பேசினார்கள். சாப்பிட்டீங்களா அக்கா என்று இவள் கேட்டாள். சாப்பிட்டேன் தாரணி, நீ சாப்பிட்டியா என்று அவள் கேட்டாள். வெயில் அதிகம் என்றாள் இவள். ஆமாம், போன வருசத்தைவிட அதிகம் என்றாள் அவள். உடம்பைப் பார்த்துக்கொள்ளும்படி இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பெட்டியின் விளக்குகள் மினுக்கென்று எரிந்து அணைந்தன. திரையில் வட்டம் முன்னைவிட மெதுவாகச் சுற்றியது.

தாரணி ஜெபராஜைப் போனில் பிடித்து உலுக்கினாள். "அரை மணி நேரமாப் பேசியிருக்கோம்! வாய் வலிக்குது!"

"பார்த்தேன் மேடம். வீடு இன்னும் ஒரு படி இறங்கிருச்சு. ரெண்டு போலிங்க பேசிக்கிட்டா இப்படித்தான் பேசும். மரியாதையா விசாரிக்கும், ஒருத்தர் முடிச்ச பிறகுதான் அடுத்தவரு ஆரம்பிப்பாரு, யாருக்கும் கோபமே வராது. மனுசங்க அப்படியா பேசுறாங்க?"

போனை வைத்துவிட்டுத் தாரணி ஸ்டூலில் ஏறினாள். "அக்கா, நாம பேசினது பத்தலையாம். நெசமாப் பேசணுமாம்."

"இதுக்கு மேல என்னடி பேசுறது? எனக்கு வேலை கிடக்கு. மோட்டார் வேற போடணும்."

"ஆமா, போடுங்க! மோட்டாரை நீங்கதானே போடணும்! சுவிட்சை உங்க பக்கம் வச்சுக்கிட்டு, என் தலைக்குத் தண்ணி ஊத்தணும்னா உங்களுக்கு மூடு வரணும்! போன வாரம் சோப்பு நுரையோட நின்னேன் நானு!"

"யாருடி நின்னா? நான் ஊர்ல இல்லாதப்ப மோட்டாரை ஓட்டிக் காயிலைக் கருக்கினது யாரு? உன் புருசன் ஏணி வச்சு ஏறி வந்தாரே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"பங்கு பிரிக்கிறப்ப சுவிட்சைப் பொதுவுல வைக்கச் சொன்னேன், கேட்டீங்களா?"

"பங்கு பிரிக்கச் சொன்னதே நீதானேடி!"

"நானா? நானா சொன்னேன்? உங்க வாயி அழுகிடும்!"

இப்படியே ஏறிக்கொண்டு போனது. ஒருத்தி முடிப்பதற்குள் இன்னொருத்தி ஆரம்பித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். தெருவில் போன காய்கறி வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். தாரணி மூச்சு வாங்கத் திரும்பியபோது திரையைப் பார்த்தாள். வெள்ளைப் பறவை பறந்துகொண்டிருந்தது. கடல் அலையடித்தது. பெட்டியில் இரண்டு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. அண்டை வலை அந்த வீட்டை மனிதர்கள் வாழும் வீடு என்று ஒப்புக்கொண்டுவிட்டது.

"அக்கா! லைன் வந்துருச்சுக்கா!" என்றாள் தாரணி, அதே உச்சக் குரலில்.

"வரட்டும், போ!" என்றாள் சுகன்யாவும் அதே குரலில். பிறகு இருவருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து காலையில் பயிற்சிக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு சண்டை என்று வழக்கமாகிவிட்டது. லைன் ஒரு நாள் தாங்கும், மறுநாள் மறுபடி ஊட்ட வேண்டும். மோட்டார் சண்டை கொஞ்ச நாள் ஓடியது. பிறகு பெட்டி அதைக் கண்டுபிடித்துவிட்டது. சொன்னதையே சொல்வது மெஷின்களின் பழக்கம் என்று யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் புதிது புதிதாகத் தேட வேண்டியிருந்தது. தாரணியின் சீமந்தத்தில் புளிசாதத்தை விட்டுவிட்டது, சுகன்யாவின் தம்பி கல்யாணத்தில் இவர்களைப் பின்வரிசையில் உட்காரவைத்தது, மாமியாரின் கடைசிக் காலத்தில் யார் மலம் அள்ளியது, யார் வாசற்படியில் நின்று விசாரித்துவிட்டுப் போனது. ஒவ்வொன்றும் அடியில் போட்டு மூடி வைத்திருந்த சங்கதி. வெளியே எடுத்தபோது இன்னும் சூடாகவே இருந்தது.

இதில் ஒரு சிக்கல் வந்தது. சண்டை போடப் போட இரண்டு பேருக்கும் மனசு லேசாகிக்கொண்டே போனது. ஒருநாள் திட்டி முடித்த கையோடு சுகன்யா ஒரு கிண்ணம் முறுக்கைச் சுவருக்கு மேலே நீட்டினாள். "கத்துறதுக்காவது தெம்பு வேணும்ல, தின்னு தொலை" என்றாள். தாரணி வாங்கித் தின்றாள். உப்பு குறைச்சல் என்றாள். அதற்குச் சுகன்யா சிரித்துவிட்டாள். அன்றைக்கு லைன் பாதியாக இறங்கிவிட்டது. ஒழுங்காக இருந்தால் தண்டனை, அடித்துக்கொண்டால் பரிசு என்றால் இது என்ன ஏற்பாடு என்று தாரணி பெட்டியைப் பார்த்துக் காறித் துப்பாத குறையாகத் திட்டினாள். பெட்டி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. சாயங்காலம் தாரணி தலையை இழுத்துக் கட்டிக்கொண்டு கைப்பிடிகளின் முன்னால் உட்கார்ந்தாள். பரீட்சை வைக்கிறவர் நரசிம்மன் என்று ஒருவர், சென்னையிலிருந்து காதில் பேசினார். "ஒரு கப்பல், முப்பது பெட்டி. லைன் ரெண்டு தடவை நின்னா பரீட்சையும் நின்னுடும். ஆரம்பிக்கலாமா மேடம்?"

காலையில் போட்ட சண்டை சொத்தைச் சண்டை. நாத்தனார் கொடுத்த சேலையில் எதை யார் முதலில் எடுத்தது என்று. சுகன்யா பாதியில் கொட்டாவி விட்டுவிட்டாள். தாரணிக்கு அப்போதே பயம் இருந்தது. ஏழெட்டுப் பெட்டி இறக்கியதுமே படம் இழுக்க ஆரம்பித்தது. பத்தாவது பெட்டி கடலுக்கு மேலே தொங்கும்போது திரை நின்றது. வட்டம் வந்தது. சுற்றியது. போனது.

"ஒரு தடவை ஆச்சு மேடம்" என்றார் நரசிம்மன்.

தாரணி மைக்கை அணைத்து வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "அக்கா! அக்கா, வாங்க! உங்க தம்பி பொண்டாட்டி எங்க அம்மாவைப் பத்தி என்ன சொன்னா, இப்பச் சொல்லுங்க!"

"போடி, இன்னைக்குச் சண்டை வேணாம்" என்று அங்கிருந்து குரல் வந்தது. சந்தோஷமான குரல். "நானே உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அஸ்வின் தைக்கு வர்றானாம்! நேத்துச் சொன்னான். டிக்கெட்டுகூடப் போட்டுட்டானாம். உனக்கு என்ன வாங்கியாரட்டும்னு கேட்டான்டி."

படம் இழுத்தது. பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. மெஷின் எப்படி வரும்? தை பிறக்கும், மாடு குளிப்பாட்டுவார்கள், இந்தப் பைத்தியக்காரி அதிரசம் சுட்டு வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நிற்பாள். அந்த நினைப்பில் வந்த கோபமா, கையை விட்டுப் போகிற வேலையை நினைத்து வந்த கோபமா என்று கேட்டால் தாரணிக்கே சொல்லத் தெரியாது. இரண்டும் ஒன்றாக வாய்க்கு வந்துவிட்டன.

"அவன் வரமாட்டான்! அது அஸ்வினே இல்ல! அவன் உங்களோட பேசியே வருசக்கணக்காச்சு! தினம் நீங்க கொஞ்சுறீங்களே, அது மெஷினு! அவன் உங்களைத் தலைமுழுகிட்டு ஒரு மெஷினைக் கட்டி வச்சுட்டுப் போயிட்டான்! பெத்த பிள்ளைகூட உங்ககிட்டப் பேச மாட்டேங்குறான், உங்களுக்கு என்னை விட்டா யாரு இருக்கா பேச?"

படம் தெளிந்தது. இவ்வளவு தெளிவாக அவள் அந்தத் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த துருகூடத் தெரிந்தது. கை தானாக அசைந்தது. பத்தாவது பெட்டி பூப்போல உட்கார்ந்தது. பதினொன்று, பன்னிரண்டு. தாரணி எதையும் யோசிக்காமல் வேலையைப் பார்த்தாள். இருபது தாண்டி, இருபத்தொன்பதும் இறங்கியது.

லைன் குறையவே இல்லை. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வழக்கமாகச் சண்டை ஓய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை, இவளும் பேசவில்லை. நிமிர்ந்து சுவர்ப் பெட்டியைப் பார்த்தாள். இந்தப் பக்கத்து விளக்கு அணைந்திருந்தது. அந்தப் பக்கத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

காதுக்கருவியை ஒரு காதிலிருந்து விலக்கினாள். அப்போதுதான் கேட்டது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம். விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு விம்மலுக்கும் அந்த விளக்கு கூடுதலாக ஒளிர்ந்தது.

"பிரமாதம் மேடம்" என்றார் நரசிம்மன், இன்னொரு காதில். "இப்படி ஒரு லைன் நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒரு பெட்டிதான் பாக்கி. இந்த லைனைத் தினமும் இப்படியே வச்சுக்கோங்க, போதும்."

தாரணி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பெட்டி கப்பலில் காத்திருந்தது. இந்த லைன் குறைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். வட்டம் வரட்டும், சுற்றட்டும், எப்படியாவது அந்த விளக்கு அணையட்டும் என்று வேண்டிக்கொண்டாள். விளக்கு அணையவில்லை, படம் அசையாமல் துல்லியமாக நின்றது. அவளால் தாங்க முடியவில்லை. எழுந்து போய்ச் சுவர்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். திரை கறுத்தது.

தெருவில் இறங்கி, அடுத்த வாசற்படி ஏறினாள். சுவர் எழும்பிய பிறகு அந்தப் படியை அவள் மிதித்ததில்லை. சுகன்யா நடுச்சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை வாயில் இருந்தது.

"பெட்டியைப் பிடுங்கிட்டேன்க்கா. லைனுக்காக வரல" என்றாள் தாரணி. அவளுக்கும் அழுகை வந்துவிட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன். நான் சொன்னதெல்லாம்..."

"பொய்யா?"

தாரணி தலையைக் குனிந்துகொண்டாள்.

சுகன்யா முகத்தைத் துடைத்தாள். "எனக்குத் தெரியும்டி. ஒரு வாரத்துலயே தெரிஞ்சுபோச்சு. என் பிள்ளை என்னைக்கு என்னைச் சாப்ட்டியாம்மான்னு கேட்டிருக்கான்? நான் பேசி முடிக்கிற வரைக்கும் எதிர்ப்பேச்சுப் பேசாம கேட்டுக்கிட்டே இருக்கும் அது. அஸ்வின் அப்படியா? ரெண்டு வார்த்தைக்குள்ள மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான்."

"அப்புறம் ஏன்க்கா தினம்..."

"குரலு அவனுதுதானே."

தாரணி பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. இந்நேரம் நரசிம்மன் இரண்டாவது தடவை என்று எழுதி முடித்திருப்பார். அதை நினைத்தபோது வருத்தம் வரத்தான் செய்தது.

"எனக்கு மட்டும் தெரிஞ்ச வரைக்கும் ஒண்ணுமில்ல" என்றாள் சுகன்யா. "தெரியாத மாதிரிப் பேசிக்கிட்டிருந்தேன். தைக்கு வர்றேன்னு அது சொல்லுச்சு, நானும் உன்கிட்டச் சொன்னேன். யாருகிட்டயாவது சொன்னா நெசமாட்டம் இருக்கும்ல. இப்ப உனக்கும் தெரிஞ்சிருக்குன்னு ஆயிப்போச்சு. இனிமே நான் எப்படிடி பேசுறது?"

தாரணி சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சுகன்யா அந்தக் கையை உதறவில்லை. பிறகு சுகன்யா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். தலையைக் கோதி முடிந்துகொண்டாள். சாமி மாடத்தில் திரியைத் தூண்டி விளக்கை ஏற்றினாள். போனை எடுத்துப் புடவையில் துடைத்து, எதிரே சொம்பில் சாய்த்து நிறுத்திவைத்தாள். அதில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னடி இன்னும் உக்காந்திருக்க?" என்றாள்.

"என்னக்கா?"

"போயி அந்த வயரை மாட்டு. விளக்கு வச்சாச்சுல்ல, அவன் கூப்பிடுவான்."